ஆல்டர்னேட்டர் பேர் இருக்கட்டும், அது கெட்டா வர்ற கோளாறுக்கு என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம்,

இஞ்சின் ஓடும்போது வண்டிக்கு மின்சாரம் உண்டாக்கி பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டருக்குத் தமிழ்ல என்ன பேர்னு இங்க பேச்சு ஓடுது. அதுக்கு 'மாறுதிசை மின்னியற்றி'ன்னு பாடப்புத்தக வழக்கு ஏற்கெனவே இருக்கு, இலங்கைப் பக்கம் 'ஆடலோட்டப் பிறப்பாக்கி'ன்னு எழுதுவாங்க, ரெண்டுலயும் தப்பு இல்ல. 'மின்மாற்றி' மட்டும் வேணவே வேணாம், அது டிரான்ஸ்பார்மர். ஆனா கார்ல பாருங்க, உள்ள மாறுதிசை மின்சாரம் உண்டானாலும் பின்னாடி இருக்குற டையோடுங்க (மின்சாரத்தை ஒரே பக்கமா மட்டும் விடுற பாகம்) அதைத் திருத்தி நேர்த்திசையாத்தான் வெளிய விடுது, அதனால வண்டிக்கு வெறும் 'மின்னியற்றி'யே போதும்ங்கறது என் கட்சி.

எனக்கு இதைவிட அவசரமாத் தோணுறது வேற சொல். டேஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரியுது, உடனே எல்லாரும் 'பேட்டரி லைட்'னு சொல்லிட்டு பேட்டரிய மாத்துறாங்க, கொஞ்ச நாள்ல புதுசும் படுத்துடுது. அந்த லைட் பேட்டரியக் குறை சொல்லவே இல்ல, சார்ஜ் ஆகுற வழியில கோளாறுன்னுதான் சொல்லுது. பட்டறையில "சார்ஜ் ஏறல"ன்னு சரியாத்தான் சொல்றாங்க, அந்த 'ஏறு'வையே எடுத்துக்கிட்டா என்ன? 'மின்னேற்றம்' புழக்கத்துல இருக்கு, அதுலேர்ந்து மூணு சொல் வைக்கிறேன்.

ஏற்றக்குறை: இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில மீட்டர் வச்சா சாதாரணமா 13.8லேர்ந்து 14.4 வோல்ட் கிட்ட காட்டணும், நிறுத்தி ஆறவிட்ட நல்ல பேட்டரி 12.6 வாக்குல இருக்கும். ஓடும்போதும் அதே 12 சொச்சத்துலயே நின்னு இறங்கிக்கிட்டே போனா ஏற்றக்குறை. (புது வண்டி சிலதுல கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏத்தி இறக்கும், ஒரே தடவ பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லக்கூடாது.) மீட்டர் இல்லாதவங்களுக்கும் தெரியும், சும்மா நிக்கும்போது ஹெட்லைட் மங்கி ஆக்சிலேட்டர் மிதிச்சா பளிச்சுனு வரும், வைப்பர் சோம்பலா நகரும், பவர் விண்டோ முக்கி முக்கி ஏறும், அப்புறம் சம்பந்தமே இல்லாத ஏபிஎஸ் லைட், ஸ்டியரிங் லைட்டெல்லாம் ஒண்ணொண்ணா எரியும், கடைசியா இஞ்சினே நின்னுடும். காரணம் ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்துற பாகத்துக்கு கரண்ட் கொடுக்குற கார்பன் பிரஷ் தேஞ்சதா இருக்கலாம், ஆல்டர்னேட்டரைச் சுத்த வைக்கிற பெல்ட் வழுக்குறதா இருக்கலாம். பெல்ட்டுன்னா ஸ்டார்ட் பண்ணதும் கிறீச்சுனு கத்தும், ரப்பர் கருகுற வாசனையும் வரும். பேரிங் போனா வேற மாதிரி, இஞ்சின் வேகத்தோட சேர்ந்து ஏறுற ஒரு அரைப்புச் சத்தம்.

ஏற்றமிகை: இதுக்குத் தனிச் சொல் கட்டாயம் வேணும், ஏன்னா ஆல்டர்னேட்டர் கெட்டா சார்ஜ் குறையும்னு மட்டும்தான் எல்லாரும் நினைக்கிறாங்க. வோல்ட்டை அளவா வச்சிருக்குற ரெகுலேட்டர் போனா 15 வோல்ட்டையும் தாண்டும், பல்பு அடிக்கடி பீஸ் போகும், பேட்டரி சூடாகி உப்பும், அழுகின முட்டை நாத்தம் வரும். நாத்தம் வந்தா பக்கத்துல தீப்பொறி ஆகாது, வண்டிய நிறுத்தி ஆறவிடுங்க.

பின்கசிவு: டையோடு ஒண்ணு ஷார்ட் ஆனா நிறுத்தின வண்டியில பேட்டரி கரண்ட் ஆல்டர்னேட்டர் வழியா பின்னாடியே வழிஞ்சு ராத்திரியோட காலி. பகல்ல ஓரளவு ஓடும், அதனாலதான் பேட்டரி மேல பழி விழுது. டையோடு போன சில வண்டியில அந்த சிவப்பு லைட் அணையாம மங்கலா மினுங்கிக்கிட்டே இருக்கும், ரேடியோவுலயும் ஒரு ஊய்ங் சத்தம் கேக்கும்.

இன்னொண்ணு, பேட்டரி ஒயரக் கழட்டிட்டு வண்டி ஓடுதான்னு பாக்குற பழக்கம், ஆல்டர்னேட்டருக்கு முன்னாடி வண்டியில இருந்த டைனமோ காலத்தோட போயிருக்கணும். இப்போ அப்படிக் கழட்டினா வோல்ட் ஒரே எகிறா எகிறி டையோடையும் கம்ப்யூட்டரையும் சேத்து முடிச்சுடலாம்.

---

பதில்:

ஐயா, ஏற்றக்குறைன்னு தனியாப் பாத்தா ரோடு ஏத்தத்துல வண்டி இழுக்கலன்னு எடுத்துக்க மாட்டாங்களா? அப்புறம் அந்த லைட்டுக்கு 'ஏற்றக்குறை விளக்கு'ன்னே வச்சுடலாமே.

---

பதிலுக்குப் பதில்:

முதல் தடவ 'மின்னேற்றக்குறை'ன்னு முழுசா எழுதிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம், அந்த பயம் தீந்துடும். விளக்குக்கு மட்டும் 'குறை' வேணாங்க, சில வண்டியில ஏற்றமிகைக்கும் அதே லைட்டுதான் எரியும். வெறும் 'ஏற்ற விளக்கு'ன்னு வைப்போம். விளக்கத்துல ஒரு வரி கூடுதலா: சாவி போட்டதும், இஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன்னாடி, அது எரியணும், எரியலன்னா அதுவும் கோளாறுதான், பல வண்டியில அந்த பல்பு வழியாத்தான் மின்னியற்றி முதல்ல உயிர் பிடிக்குது.