2008 ஒபாமா – ஹிலரி: ஜூன் மாதக் கோபம் நவம்பரில் எங்கே போனது?

தேர்தல்பித்து:

2008-ல ஒபாமாவும் ஹிலரியும் மோதின ஜனநாயகக் கட்சி பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தீர்மானிக்கற மாநில வாரியான உட்கட்சித் தேர்தல்) முடிஞ்ச விதத்தைப் பத்திக் கட்டுரை எழுதிட்டிருக்கேன். மூணு இடத்துல சிக்கி நிக்குது.

ஒண்ணு: ஜூன் 3 ராத்திரியே ஒபாமாவுக்குத் தேவையான பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டுல வாக்களிச்சு வேட்பாளரை முடிவு பண்றவங்க) எண்ணிக்கை வந்தாச்சு. ஹிலரி ஒதுங்கினது ஜூன் 7. நடுவுல நாலு நாள் எதுக்கு? அவங்க ஆதரவாளர்களுக்கு அவ்வளவு ஆத்திரம் ஏன்?

ரெண்டு: ஒதுங்கினப்பவும் "விலகறேன்"னு சொல்லலை, "பிரசாரத்தை நிறுத்தி வைக்கிறேன்"னுதான் சொன்னாங்க. நடைமுறையில என்ன வித்தியாசம்? நன்கொடை வாங்கறதுக்காகத்தான்னு பல இடத்துல எழுதியிருக்கு.

மூணு: ஹிலரிக்குப் போட்டவங்கள்ல எத்தனை பேர் நவம்பர்ல குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னுக்குப் போட்டாங்க? ஒரு இடத்துல 15 சதவீதம், இன்னொரு இடத்துல 25. எதை எழுதறது?

பழைய_பேப்பர்:

முதல் கேள்விக்கு ஜூன் 3-லிருந்து ஆரம்பிக்காதீர்கள். மே 31-லிருந்து ஆரம்பியுங்கள். ஆத்திரத்தின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

விலக்குப் பெற்ற நான்கு மாநிலங்கள் தவிர மற்றவை பிப்ரவரி 5-க்கு முன்னால் பிரைமரி நடத்தக்கூடாது என்ற கட்சி விதியை மிச்சிகனும் (ஜனவரி 15) ஃபுளோரிடாவும் (ஜனவரி 29) மீறின. தண்டனையாக இரு மாநிலப் பிரதிநிதிகளுக்கும் மாநாட்டில் வாக்கே கிடையாது என்று தேசியக் குழு சொல்லிவிட்டது. மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து ஒபாமா தன் பெயரை எடுத்துவிட்டார், ஹிலரி எடுக்கவில்லை. அங்கே ஹிலரிக்கு 55 சதவீதம், "யாருக்கும் உறுதி இல்லை" என்ற கட்டத்துக்கு 40 சதவீதம்.

மே 31 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் விதிமுறைக் குழு கூடி இதைத் தீர்த்தது. ஃபுளோரிடாவில் ஒவ்வொரு பிரதிநிதிக்கும் அரை வாக்கு: ஹிலரி 52.5, ஒபாமா 33.5, மூன்றாவது வேட்பாளர் எட்வர்ட்ஸ் 6.5. இது 27-0 என்று ஏகமனதாக நிறைவேறியது. மிச்சிகனில்தான் வெடித்தது. மக்கள் போட்ட வாக்குப்படி பிரித்தால் ஹிலரிக்கு 73 பிரதிநிதிகள், உறுதியில்லாதவர்கள் 55. குழுவோ 69, 59 என்று பிரித்து, அந்த 59 பேரையும் ஒபாமா கணக்கில் எழுதியது. இவர்களுக்கும் அரை வாக்குதான். இது 19-8 என்று நிறைவேறியது. அதாவது வாக்குச்சீட்டிலேயே இல்லாதவருக்கு 55 போதாதென்று, ஹிலரி பெற்றதிலிருந்தும் நான்கு பேர் எடுத்துக் கொடுக்கப்பட்டார்கள். ஹிலரி தரப்பின் ஹெரால்ட் இக்கீஸ் இதைக் கொள்ளை என்கிற தொனியில் பேசினார். அரங்கத்தில் "டென்வர்! டென்வர்!" என்று கோஷம் எழுந்தது. டென்வரில் நடக்கவிருந்த மாநாடு வரை கொண்டுபோவோம் என்று அர்த்தம்.

எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. இரண்டு மாநிலத்திலும் சேர்த்து ஹிலரிக்கு நிகரமாக 24 வாக்கு கூடியது, ஒபாமாவின் முன்னிலையோ நூற்றுக்கு மேல். தேவையான எண்ணிக்கை 2,026-லிருந்து 2,118 ஆனது, அவ்வளவுதான். ஆனால் ஆத்திரம் முன்னிலையைக் கணக்கிட்டு வருவதில்லை, அந்த நான்கு பேரைக் கணக்கிட்டு வந்தது. உங்கள் கட்டுரையில் இந்த நாலுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

ஜூன் 3-க்கு வருவோம். அன்று கடைசி இரண்டு மாநிலம்: மொன்டானா ஒபாமாவுக்கு, தெற்கு டகோட்டா ஹிலரிக்கு. பகல் முழுக்க சூப்பர் டெலிகேட்கள் (பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத கட்சிப் பிரமுகர்கள்) ஒவ்வொருவராக ஒபாமா பக்கம் அறிவிக்க, வாக்குப்பதிவு முடியும் முன்பே ஊடகக் கணக்கில் அவர் எல்லையைத் தொட்டுவிட்டார். அவர் பேசியது செயின்ட் பால் நகரில், செப்டம்பரில் குடியரசுக் கட்சி மாநாடு நடக்கவிருந்த அதே அரங்கில். ஹிலரி பேசியது நியூயார்க்கில், பரூக் கல்லூரியின் நிலத்தடி உடற்பயிற்சிக் கூடத்தில். "இன்றிரவு எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை" என்றார். அதற்கு முன் அவரை மேடையில் "அடுத்த ஜனாதிபதி" என்றே அறிமுகம் செய்தார்கள். ஒபாமா ஆதரவாளர்கள் கொதித்தது அந்த இரவுக்குத்தான். கோபம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததாக எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. மொத்த வாக்கில் ஹிலரிதான் முன்னிலை என்று அவர் தரப்பு சொன்னதே, அது மிச்சிகனைச் சேர்த்து, அங்கே ஒபாமாவுக்குப் பூஜ்ஜியம் போட்டால்தான் சரிவரும். அயோவா, நெவாடா, மெயின், வாஷிங்டன் காக்கஸ்கள் (வாக்குச்சாவடிக்குப் பதில் கட்சிக் கூட்டத்தில் தேர்வு செய்யும் முறை) தலைக்கணக்கு வாக்கை வெளியிடவே இல்லை. ஆகவே "மொத்த வாக்கு" என்று எந்த எண்ணைப் போட்டாலும் எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

விதிநூல்:

இரண்டாவது கேள்விக்கு. நன்கொடைக் காரணம் ஏறக்குறைய கட்டுக்கதை. "நிறுத்தி வைப்பது" என்ற நிலையே கூட்டாட்சித் தேர்தல் சட்டத்தில் கிடையாது. வெளிப்படையாக விலகியவரும் கடன் தீரும்வரை நிதி திரட்டலாம். குழுவைக் கலைக்காமல் கணக்குத் தாக்கல் செய்துகொண்டே இருந்தால் போதும். திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசு தரும் நிதியை வாங்கியவர்களுக்கு விலகும் தேதி முக்கியம். ஹிலரி அதை வாங்கவில்லை.

உண்மையான வித்தியாசம் கட்சி விதியில். பிரதிநிதிகள் இரண்டு வகையாக வருகிறார்கள். தொகுதி அளவில் தேர்வானவர்கள் ஒருபுறம், மாநிலம் முழுக்கச் சேர்த்துக் கணக்கிடப்படுபவர்கள் இன்னொரு புறம். இரண்டாம் வகைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பிரைமரிக்குப் பல வாரங்கள் கழித்து, மாநில மாநாட்டில். அந்த நாளில் நீங்கள் வேட்பாளராக இல்லையென்றால், உங்களுக்குச் சேர வேண்டிய மாநில அளவு இடங்கள் மற்றவருக்குப் போய்விடும். அயோவாவை எடுத்துக்கொள்ளுங்கள்: காக்கஸ் ஜனவரி 3, ஆனால் மாநில மாநாடு ஜூன் 14. ஜூன் 7 அன்று "விலகுகிறேன்" என்றால் இப்படிப்பட்ட இடங்கள் ஆபத்தில். "நிறுத்தி வைக்கிறேன்" என்றால் தப்பித்தன.

இது வெறும் பதவி ஆசை என்று தோன்றலாம். அந்த இடங்களில் உட்காரப்போவது ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிய உள்ளூர்த் தொண்டர்கள். அவர்களுக்கு டென்வர் டிக்கெட் கிடைக்காமல் செய்துவிட்டு "ஒற்றுமை" என்று பேசினால் எடுபடாது. 2020 பிரைமரியில் பைடனோடு மோதிய சாண்டர்ஸ் ஒதுங்கியபோது பைடன் தரப்பு இதே இடங்களை அவருக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட்டது, இந்தப் பாடத்தால்தான் என்பது என் எண்ணம்.

மாநாட்டில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஹிலரியின் பெயரும் முன்மொழியப்படும் என்று ஆகஸ்ட் நடுவில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மிச்சிகன், ஃபுளோரிடா பிரதிநிதிகளுக்கு முழு வாக்கும் திருப்பித் தரப்பட்டது. முடிவு மாறாது என்று தெரிந்த பிறகு தாராளம் எளிது. ஆகஸ்ட் 27 அன்று மாநில வாரியாக அழைத்தபோது, நியூ மெக்சிகோ தன் முறையை இல்லினாய்ஸுக்கு விட்டது, இல்லினாய்ஸ் நியூயார்க்குக்கு விட்டது. நியூயார்க் பிரதிநிதிகள் நடுவே நின்றிருந்த ஹிலரி, விதிகளை ஒதுக்கிவைத்து ஒபாமாவைக் குரல் வாக்கால் வேட்பாளராக ஏற்க வேண்டும் என்று முன்மொழிந்தார். அவருக்கு வாக்களிக்க வந்தவர்கள் பலர் காலையிலேயே சீட்டில் கையெழுத்திட்டுவிட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் வாக்கு அவர் பெயரில் பதிவும் ஆயிற்று. ஆனால் அரங்கில் எண்ணிக்கை முழுதாகப் படிக்கப்படவில்லை. சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு அதுவே இன்னொரு காயம்.

சாம்பிள்_சைஸ்:

மூணாவது கேள்வி என்னோடது. ரெண்டு எண்ணும் சரிதான், ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில்.

15 அல்லது 16 சதவீதம் நவம்பர் 4 வாக்குச்சாவடி வாசல் கணிப்பிலிருந்து வருது. வெளியே வர்றவங்ககிட்ட "கட்சி வேட்பாளரா யாரை விரும்பினீங்க?"ன்னு அன்னிக்குக் கேட்டது. ஆறேழு மாசம் கழிச்சு ஞாபகத்திலிருந்து பதில் சொல்லும்போது ஜெயிக்கப்போறவர் பக்கம்தான் இருந்தேன்னு சொல்ற பழக்கம் எல்லா ஊர்லயும் உண்டு. அதோட, கேட்டது ஜனநாயகக் கட்சிக்காரங்ககிட்ட மட்டும்.

25 கிட்ட வர்ற எண், ஒரே ஆட்களைப் பிரைமரி சமயத்துல ஒரு தடவை, நவம்பர்ல மறுபடி கேட்ட பேனல் ஆய்வுகள்லேர்ந்து வருது. இதுல ஞாபகப் பிழை குறைவு. ஆனா ஹிலரிக்குப் போட்ட சுயேச்சைகளும் குடியரசுக் கட்சிக்காரங்களும் உள்ள இருப்பாங்க. மார்ச் 4 டெக்சஸ், ஓஹையோ பிரைமரிக்கு முன்னாடி குடியரசுக் கட்சி ஆதரவுப் பேச்சாளர் ரஷ் லிம்பா வானொலியில "ஆபரேஷன் கேயாஸ்"னு ஆரம்பிச்சு, போட்டி இழுபறியாகட்டும், போய் ஹிலரிக்குப் போடுங்கன்னு தன் நேயர்களைக் கிளப்பினாரே, அந்த ஆட்களும் இதுல அடக்கம். எத்தனை பேர் அவர் பேச்சைக் கேட்டுப் போட்டாங்கன்னு துல்லியமா பிரிக்க முடியாது. டெக்சஸ், ஓஹையோ, இண்டியானா மாதிரி யாரும் எந்தக் கட்சி பிரைமரியிலும் போடலாம்கற இடத்துல அது சுலபம். பென்சில்வேனியாவுல முன்கூட்டியே கட்சிப் பதிவை மாத்தியிருக்கணும்.

இன்னொரு பெரிய கூட்டம்: வெஸ்ட் வர்ஜினியா, கென்டக்கி. மே 13 அன்னிக்கு வெஸ்ட் வர்ஜினியாவில ஹிலரி 41 புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. அங்கே ஜனநாயகக் கட்சியில பதிவு வெச்சுக்கிட்டே 2000, 2004 ரெண்டிலும் புஷ்ஷுக்குப் போட்டவங்க ஏராளம். இவங்க மெக்கெய்னுக்குப் போட்டா அது ஹிலரி தோத்த கோபமா? ஹிலரியே நின்னிருந்தாலும் அதுல பாதிப் பேர் எங்கே போயிருப்பாங்கன்னு சொல்ல முடியாது.

நீங்க கட்டுரையில தவறக்கூடாத இடம் இது. மார்ச் 26 கேலப் கணிப்புல ஹிலரி ஆதரவாளர்கள்ல 28 சதவீதம் மெக்கெய்னுக்குப் போடுவோம்னாங்க. போட்டி நடந்துட்டிருக்கும்போது இப்படிக் கேட்டா வர்ற பதில் வாக்கு இல்லை, மிரட்டல். "என் ஆளை நிறுத்தலைன்னா பாருங்க"ன்னு கட்சிக்கு அனுப்பற செய்தி. ஒபாமா ஆதரவாளர்கள்லயே 19 சதவீதம் அதே மாதிரி சொன்னாங்க, அதை யாரும் தலைப்பாப் போடலை.

எழுதும்போது மூணு விவரத்தை எண்ணோட ஒட்டி வையுங்க: எப்போ கேட்டது, யாரைக் கேட்டது (கட்சிக்காரங்களா, பிரைமரியில போட்ட எல்லாருமா), ஞாபகமா பதிவா.

தேர்தல்பித்து:

மூணு பேருக்கும் நன்றி. ரெண்டு துணைக் கேள்வி. அப்போ "பூமா"ன்னு ஒரு கூட்டம் கிளம்புச்சே, அதுக்கு எடை ஏதாவது உண்டா? 2016-ல பிரைமரியில ஹிலரிகிட்ட தோத்த சாண்டர்ஸோட ஆட்கள்தான் ஹிலரியைக் கவுத்தாங்கங்கற வாதத்தோட இதை ஒப்பிடலாமா?

சாம்பிள்_சைஸ்:

பூமா: "கட்சி ஒற்றுமையாவது மண்ணாங்கட்டியாவது"ங்கறதுக்கான ஆங்கிலச் சுருக்கம். அப்புறம் டீசன்ட்டான விரிவாக்கம் ஒண்ணு வெச்சுக்கிட்டாங்க. வலைப்பதிவுகள்லயும் டிவி பேட்டிகள்லயும் இருந்த சத்தம் வாக்கா மாறலை. மெக்கெய்ன் தரப்பு இதை நம்பி ஆகஸ்ட் 29 அன்னிக்கு சாரா பேலினைத் துணை ஜனாதிபதி வேட்பாளரா இறக்கிச்சு. ஹிலரி ஜூன் 7-ல சொன்ன "கண்ணாடிக் கூரையில ஒரு கோடியே 80 லட்சம் விரிசல்"ங்கறதையே (கூரைன்னா பெண்களை மேலே போகவிடாத கண்ணுக்குத் தெரியாத தடை, விரிசல்னா தனக்கு விழுந்த வாக்கு) பேலின் மேடையில எடுத்துப் பேசினாங்க. அந்தக் கணக்கு பலிக்கலை. விலகிப் போனவங்க பெரும்பாலும் கொள்கையிலேயே மெக்கெய்ன் பக்கம் சாய்ஞ்சவங்க. கருக்கலைப்பு உரிமை முக்கியம்னு நினைச்ச ஹிலரி ஆதரவாளருக்குப் பேலின்கிட்ட வாங்க ஒண்ணும் இல்லை.

2016: ஒப்பிடலாம், ஆனா முடிவு நீங்க நினைக்கறதுக்கு நேர்மாறா வரும். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தின பெரிய கணிப்புல சாண்டர்ஸுக்குப் போட்டவங்கள்ல டிரம்புக்குப் போனது சுமார் 12 சதவீதம். 2008-ல போனதைவிடக் குறைவு. ஒபாமா 52.9-க்கு 45.7 சதவீதம்னு ஜெயிச்சதால அந்தக் கசிவு வெளியே தெரியலை. 2016-ல மிச்சிகன்ல ஹிலரி தோத்த வித்தியாசம் 10,704 வாக்கு, அதனால எந்தச் சின்னக் கசிவும் பெரிசாத் தெரிஞ்சுது.

விதிநூல்:

பணத்தையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். ஆதரவாளர் கோபம் அங்கே டாலரில் தெரியும், கருத்துக்கணிப்பு தேவையில்லை.

ஹிலரிக்கு 2 கோடி டாலருக்கு மேல் கடன். அதில் ஒரு கோடியே 30 லட்சம் சொச்சம் அவரே தன் பிரசாரத்துக்குக் கொடுத்தது. 2002 சட்டப்படி, தேர்தலுக்குப் பின் திரட்டும் நன்கொடையிலிருந்து வேட்பாளர் தன் சொந்தக் கடனில் 2,50,000 டாலர்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது. பிரைமரிக்கு அந்தக் கெடு மாநாட்டோடு முடிந்தது. ஆகஸ்டுக்குள் திரட்டாவிட்டால் மீதி போச்சு. போயும் போயிற்று.

அன்றைய தனிநபர் நன்கொடை உச்சவரம்பு ஒரு தேர்தலுக்கு 2,300 டாலர். ஒபாமாவுக்கு ஏற்கெனவே உச்சம் கொடுத்தவரும் ஹிலரிக்குத் தனியாக 2,300 கொடுக்க முடிந்தது. ஜூன் கடைசியில் ஒபாமாவும் மிஷேலும் ஆளுக்கு 2,300 எழுதிக் கொடுத்தது இந்த வழியில்தான். ஆனால் ஒபாமாவின் சிறு நன்கொடையாளர்கள், நம்மைத் திட்டி விளம்பரம் போட்ட கடனை நாம் ஏன் அடைக்க வேண்டும் என்று கையை விரித்தார்கள். இந்தப் பக்கம் ஹிலரியின் பெரும் நன்கொடையாளர்கள், முதலில் கடன், பிறகு ஒபாமாவுக்குக் காசு என்று முறுக்கிக்கொண்டார்கள். ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷையரின் யூனிட்டி ஊரில் இருவரும் ஒரே மேடையில் நின்ற படத்தைப் போடுகிறீர்கள் என்றால் (ஜனவரியில் அந்த ஊர் இருவருக்கும் தலா 107 வாக்கு போட்டது), மேடைக்குப் பின்னால் இந்தப் பேரம் நடந்துகொண்டிருந்ததையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள்.

வெளிக்கடன் முழுதாக அடைய 2012 இறுதி ஆயிற்று. அந்த 2,50,000 வரம்பை 2022-ல் டெட் குரூஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, ஆகவே இன்றைய நிலையாக அதை எழுதிவிட வேண்டாம்.