ஒன்றையொன்று தொடாத புரதங்களைச் சவ்வின் வளைவு ஈர்க்குமா, விலக்குமா?

வினா (எழுதியவர்: கூம்புப்புரதம்)

செல் சவ்வில் பதிந்த இரண்டு புரதங்கள் நேரடியாகத் தொட்டுக்கொள்ளாத போதும், தாம் உண்டாக்கும் வளைவின் மூலம் ஒன்றன் இருப்பை மற்றொன்று உணர்கின்றன என்று படித்தேன். இழுத்துக் கட்டிய துணியில் இரண்டு குண்டுகளை வைத்தால் அவை ஒரே பள்ளத்தில் வந்து சேர்வதைப் போல, வளைவை உண்டாக்கும் புரதங்களும் ஒன்றையொன்று ஈர்க்கும் என்றே நினைத்திருந்தேன். ஆனால் கோட்பாட்டுக் கட்டுரை ஒன்றில் அவை விலக்கிக்கொள்கின்றன என்று இருக்கிறது. எது சரி?

மறுமொழி 1 (மென்பொருளியல்)

துணி உவமைதான் உங்களைத் திசைதிருப்புகிறது. அங்கே குண்டின் எடை துணியைக் கீழே அழுத்துகிறது. புரதத்தின் எடைக்குச் சவ்வில் எந்தப் பங்கும் இல்லை. 4 முதல் 5 நானோமீட்டர் தடிமன் கொண்ட அந்தக் கொழுப்பு இரட்டை அடுக்கை வளைக்க எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பதே கணக்கு. 1973-இல் இயற்பியலாளர் ஹெல்ஃப்ரிக் வகுத்த கோட்பாட்டில் இந்தச் செலவைத் தீர்மானிப்பது வளைவு விறைப்பு என்னும் எண். வழக்கமான கொழுப்புச் சவ்வுகளுக்கு அது வெப்ப ஆற்றலைப் போல (மூலக்கூறுகளின் இயல்பான வெப்ப அசைவின் ஆற்றல்) ஏறத்தாழ 20 மடங்கு. அந்த விறைப்பில் ஒரு தட்டையான சவ்வைக் கோள வடிவக் குமிழியாக்க, குமிழி சிறியதோ பெரியதோ, வெப்ப ஆற்றலைப் போல ஏறத்தாழ 500 மடங்கு தேவைப்படும்.

இப்போது கூம்பு வடிவப் புரதம் ஒன்று தட்டையான, இழுவிசையற்ற சவ்வில் தனியாக இருப்பதாகக் கொள்ளுங்கள். அதைச் சுற்றியுள்ள சவ்வு குதிரைச் சேணம் போல, ஒரு திசையில் மேல்நோக்கியும் அதற்குச் செங்குத்தான திசையில் கீழ்நோக்கியும் சம அளவில் வளைந்து, சராசரி வளைவைச் சுழியாக்கிக்கொள்கிறது. ஆகவே தனியாக இருக்கும் புரதத்துக்கு வளைவுச் செலவே இல்லை. இரண்டாவது புரதம் அருகில் வந்தால் இந்த ஒழுங்கு இரண்டுக்கும் கெடுகிறது, செலவு கூடுகிறது, எனவே விலக்கல். இரண்டும் ஒரே பக்கம் குவிந்திருந்தாலும் எதிரெதிர்ப் பக்கங்களில் குவிந்திருந்தாலும் முடிவு இதுதான் என்பது முதன்முறை கேட்பவர் எவருக்கும் நம்பக் கடினமாகவே இருக்கும். 1993-இல் குலியன், புருயின்ஸ்மா, பிங்கஸ் ஆகியோர் காட்டியபடி இந்த விசையின் ஆற்றல் தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரட்டித்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சவ்வின் வெப்ப நடுக்கம் தனியாக ஓர் ஈர்ப்பையும் தருகிறது, அதே நான்காம் அடுக்கில்.

மறுமொழி 2 (நுண்ணோக்கி)

மேலே சொன்னது வட்டச் சமச்சீர் கொண்ட புரதங்களுக்குப் பொருந்தும். செல்லுக்குள் சவ்வை வளைக்கும் பல புரதங்கள் அப்படிப்பட்டவை அல்ல. சவ்வை வளைக்கும் ‘பார்’ (BAR) என்னும் புரதக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பழ ஈயின் ஆம்ஃபிபைசின் என்ற புரதத்தில் உள்ள ‘பார்’ பகுதியின் படிக அமைப்பு 2004-இல் வெளிவந்தபோது, அது வாழைப்பழம் போல் வளைந்த இரட்டை மூலக்கூறாகவும், அதன் உட்குழிந்த பக்கம் நேர்மின்னூட்டம் மிக்கதாகவும் இருந்தது. எதிர்மின்னூட்டம் கொண்ட கொழுப்புகளோடு அந்தப் பக்கம் ஒட்டும்போது, வளைவு ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டுமே உண்டாகிறது. திசை வந்துவிட்டால், இரண்டு புரதங்கள் எப்படித் திரும்பியிருக்கின்றன என்பதைப் பொறுத்து ஈர்ப்பும் ஏற்படலாம், விலக்கலும் ஏற்படலாம்.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி சிந்தேஸ், அதாவது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உண்டாக்கும் நொதி. இது 'வி' எழுத்தைப் போல் சாய்ந்த இரட்டைகளாக அமைந்து, உட்சவ்வு மடிப்புகளின் கூர்மையான விளிம்பில் வரிசையாக நிற்கிறது. தூய்மைப்படுத்திய இரட்டைகளைக் கொழுப்புக் குமிழிகளில் சேர்த்தால், வேறெந்தப் புரதத்தின் உதவியும் இன்றி அவை தாமாகவே வரிசை கட்டுகின்றன. ஈஸ்ட்டில் இரட்டையாக்கத்துக்குத் தேவையான துணையலகுகளை நீக்கினால் மடிப்புகள் சீர்குலைந்து, வெங்காய அடுக்குகள் போலாகிவிடுகின்றன.

கூம்புப்புரதம்

இரண்டு விளக்கங்களுக்கும் நன்றி. அப்படியானால், ஒரு புரதம் வளைந்த இடத்தைத் தேடிச் சேர்கிறதா, வளைவைத் தானே உண்டாக்குகிறதா என்பதை ஆய்வகத்தில் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

மறுமொழி 3 (மென்பொருளியல்)

பெரிய கொழுப்புக் குமிழி ஒன்றிலிருந்து ஒளியிடுக்கியால் (நுண்பொருளைப் பிடித்து நகர்த்தும் லேசர் கற்றை) மெல்லிய சவ்வுக் குழாயை இழுப்பார்கள். இழுவிசையை மாற்றினால் குழாயின் ஆரமும் மாறும். இழுவிசை நான்கு மடங்கானால் ஆரம் பாதியாகும். ஒளிரும் புரதத்தைச் சேர்த்து, தட்டையான பகுதியைவிடக் குழாயில் எவ்வளவு அடர்த்தியாகச் சேர்கிறது என்று அளப்பார்கள். புரதம் குறைவாக இருக்கும்போது குழாயில் செறிவு மட்டும் கூடி, குழாயைப் பிடித்திருக்கத் தேவையான விசை மாறாதிருந்தால், அது வளைவை உணர்கிறது எனலாம். புரதத்தின் அளவு கூடும்போது அந்த விசை குறையத் தொடங்கினால், குழாயைத் தாங்கும் வேலையில் ஒரு பகுதியைப் புரதமே ஏற்றுக்கொண்டது என்று பொருள். பெரும்பாலும் ஒரே புரதம் இரண்டையும் செய்கிறது. எது மேலோங்கும் என்பதை அடர்த்தியும் இழுவிசையுமே முடிவு செய்கின்றன.

மறுமொழி 4 (நுண்ணோக்கி)

ஒரு எச்சரிக்கை மட்டும். எந்த வளைந்த வடிவமும் இல்லாத புரதங்கள்கூடச் சவ்வின் ஒரு பக்கத்தில் நெருக்கமாகக் குவிந்தால், ஒன்றோடொன்று மோதும் அழுத்தத்தாலேயே சவ்வைக் குழாயாக வளைத்துவிடும். ஆகவே குழாய் தோன்றியது என்பதை மட்டும் வைத்து, அந்தப் புரதத்தின் வடிவம்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள்.