ஸ்விஃப்ட் காருக்கு லோயரிங் ஸ்பிரிங் தேவையா?

கேள்வி: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ரொம்பச் சாய்கிறது, ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. வண்டியின் உயரத்தை இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் மாற்றினால் சரியாகுமா?

பதில் 1: வளைவுக்குள் போன பிறகு பிரேக் அழுத்துகிறீர்களா? நிறுத்துவது, திரும்புவது இரண்டையும் முன்டயரே சேர்த்துச் செய்யத் திணறும். நேர்ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, கியரைக் குறைத்து, ஸ்டியரிங் நிமிரும்போது மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சாய்வு முழுசாகப் போகாது, ஆனால் இழுப்பது குறையும்.

பதில் 2: டயர் எந்த வருடத்தது? பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019இன் 23வது வாரம். ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் எந்த ஸ்பிரிங் போட்டும் வீண். அப்புறம், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள்.

பதில் 3: இறக்கினால் நம்ம ஊர் வேகத்தடையில் அடி தட்டும், சொல்லிவிட்டேன்.

கேட்டவர்: டயரில் 1416 என்று இருக்கிறது!