புதுப்பிப்பு: இரும்புக் குழாய் அறுக்கையில் பேண்ட்சா பிளேடின் பற்கள் உதிர்ந்த சிக்கல்

3 மி.மீ. சுவர்த் தடிமனுள்ள சதுர இரும்புக் குழாயை அறுக்கும்போது புதிய பேண்ட்சா (வளையமாகச் சுழலும் நாடா ரம்பம்) பிளேடின் பற்கள் உதிர்ந்ததாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். குறை இயந்திரத்தில் இல்லை, என் தேர்வில்தான் இருந்தது. நான் மாட்டியிருந்தது அங்குலத்துக்கு 10 பற்கள் கொண்ட பிளேடு; அதில் பல்லுக்குப் பல் ஏறத்தாழ 2.5 மி.மீ. இடைவெளி வருவதால், எந்நேரமும் மூன்று பற்களாவது உலோகத்தில் பதிந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோதான் முழு விசையையும் தாங்கியிருக்கின்றன. இப்போது அங்குலத்துக்கு 24 பற்கள் கொண்ட பை-மெட்டல் (இருவகை உலோகம் சேர்த்துச் செய்த) பிளேடை மாட்டி, முதல் சில வெட்டுகளில் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து அறுத்ததில் ஒரு பல்லும் போகவில்லை. ஆனால் இதே பிளேடை 25 மி.மீ. கெட்டிக் கம்பிக்குத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்: பல்லிடுக்குகள் உலோகச் சீவலால் அடைபட்டுவிடும், அதற்கு 10 பல் பிளேடே பொருத்தமானது.