‘மறுசேர்க்கை’யா, ‘கரிவழிச் சேர்க்கை’யா?

அன்பர்களுக்கு வணக்கம்.

சென்னை கொடுங்கையூரின் குப்பை எரியுலைத் திட்டம் பற்றி எங்கள் தெருக்காரர்களுக்காக ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். அதற்காகத்தான் ‘டி நோவோ சின்தெசிஸ்’ (de novo synthesis) என்பதற்கு இங்கே தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் உலைப்புகையில் புதிதாக உண்டாவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஐயா ஒருவர் ‘மறுசேர்க்கை’ என்று தந்தார். சொல் அழகாக இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது.

‘மறு’ என்றால் டையாக்சின் முன்பே இருந்து, உடைந்து, திரும்பக் கூடியது என்றாகிவிடும். உலையில் நடப்பது வேறு. 850 டிகிரிக்கு மேல் புகை இரண்டு நொடி நின்றால் டையாக்சின் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். புகை ஆறிக்கொண்டே வந்து ஏறத்தாழ 400 முதல் 200 டிகிரிக்குள் இருக்கும்போது, பறக்கும் சாம்பலில் ஒட்டியிருக்கும் எரியாத கரியோடு ஆக்சிஜனும் குளோரினும் கூடுகின்றன. குளோரின் பிவிசி குழாயிலிருந்து வரும்; மீந்த சோற்றின் உப்பிலிருந்தும் வரும். சாம்பலில் உள்ள செம்பு வினையூக்கியாகிறது. குப்பையில் டையாக்சின் துளியும் இல்லாவிட்டாலும், புகைபோக்கியை எட்டும் முன்பே அது பிறந்துவிடுகிறது. “அதிகச் சூட்டில் எரித்தால் எல்லாம் அழிந்துவிடும்” என்ற பேச்சு பாதி உண்மைதான் என்று மக்களுக்குப் புரியவைக்க இந்தச் சொல் வேண்டும்.

அம்மா ஒருவர் சொன்ன ‘புதுச்சேர்க்கை’ நேர்ப்பொருள்தான். ஆனால் கேட்டதும் கல்லூரி விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது. நான் முதலில் எழுதிவைத்தது ‘தணிவெப்பச் சேர்க்கை’. அதையும் அடித்துவிட்டேன். குளோரோபீனால் போன்ற முன்பொருள்களிலிருந்து (டையாக்சினாக மாறக்கூடிய சேர்மங்களிலிருந்து) டையாக்சின் உண்டாவதும் இதே சாம்பலின் மேல், ஏறத்தாழ இதே சூட்டில் நடக்கக்கூடியது. எதிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஆகவே ‘கரிவழிச் சேர்க்கை’, ‘முன்பொருள்வழிச் சேர்க்கை’ என்று இணையாக வைக்கலாம் என்பது என் கருத்து. ‘கரிமவழி’ என்று திருத்திவிட வேண்டாம். குளோரோபீனாலும் கரிமச் சேர்மம்தானே, வேறுபாடே போய்விடும். ஒளிச்சேர்க்கை படித்த பிள்ளைகளுக்குச் ‘சேர்க்கை’ தெரியும். அனல்மின் நிலையங்களுக்கு அருகே, எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கரியையும் சாம்பலையும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. அந்த வெப்பநிலை இடைவெளியில் புகை தங்காமல் இருக்க, தண்ணீர் தெளித்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். அதற்கு ‘விரைதணிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ‘தணிப்பு’ என்றால் தீயை அணைப்பது என்று எடுத்துக்கொள்வார்களா? சரியில்லை என்றால் வேறு சொல் தாருங்கள், அச்சுக்குக் கொடுக்குமுன் மாற்றிவிடுகிறேன்.