கலைச்சொல் தேவை: பேடல் பரிசுப்பணம், நாடுவாரியாக… பங்கீடா, பகிர்மானமா, பரவலா?

அரு. எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். விளையாட்டுப் பொருளாதாரப் பாடநூல் ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு வரைபடத் தலைப்பில் மாட்டிக்கொண்டேன். தொழில்முறை பேடல் (சுவர் சூழ்ந்த களத்தில் இணைகளாக ஆடும், டென்னிஸ் போன்ற மட்டைப்பந்து ஆட்டம்) போட்டிகளின் பரிசுப்பணம் எந்த நாட்டு ஆட்டக்காரர்களிடம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று காட்டும் படம். மூலத்தில் 'டிஸ்ட்ரிபியூஷன் பை கன்ட்ரி'. 'நாடுகளுக்கிடையே பரிசுத்தொகைப் பங்கீடு' என்று போட்டேன். மேலாய்வாளர் ஓரத்தில் "பங்கிட்டது யார்?" என்று எழுதித் திருப்பிவிட்டார். சொல் ஒரே வரியில் அடங்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்குப் புரியவும் வேண்டும்.

செ. எழுதியது:

அன்பின் அரு., மேலாய்வாளர் கேட்டது நியாயம்தான். பேடலில் எந்த நாட்டுக்கும் யாரும் பணம் பிரித்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு மொத்தத் தொகை உண்டு. 2022இல் பிரீமியர் பேடல் என்ற போட்டித்தொடர் தொடங்கியபோது தோகா, ரோம், பாரிஸ், மான்டெர்ரே ஆகிய நான்கு பெரும்போட்டிகளுக்கும் தலா 5,25,000 யூரோ. அது சுற்றுவாரியாகப் பிரியும். எந்தச் சுற்றில் தோற்றாலும் அந்தச் சுற்றுக்கு உரியது கையில் வரும், கோப்பை வென்ற இணைக்கு மிக அதிகம். ஆட்டமே இரட்டையர் ஆட்டம் என்பதால் இணையின் தொகை பாதிப் பாதி. பணம் அத்தோடு முடிந்தது. பிறகு யாரோ ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்திலுள்ள கொடியைப் பார்த்துக் கூட்டினால் இந்தப் படம் கிடைக்கிறது.

ஆகவே பாடத்தில் இரண்டு சொல் வேண்டும். அமைப்பாளர் சுற்றுகளுக்குப் பிரிப்பது பங்கீடு. நாடுகளில் அது கடைசியில் எப்படி விழுந்திருக்கிறது என்பது பரவல். நம் பள்ளிக் கணக்கில் நிகழ்தகவுப் பரவல் என்று இருக்கிறதே, அதே பரவல்.

கு. எழுதியது:

பரவல் என்றால் தொற்றுநோய்தான் நினைவுக்கு வரும். வள்ளுவர் "இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும்" என்று பொருளைக் கையாளும் முறையை வரிசையாகவே சொல்லியிருக்கிறார். வகுத்தல் இருக்கும்போது வேறு சொல் எதற்கு? மேலும் 'வாரி' என்ற ஒட்டு உருது வழி வந்தது. பரிசுத்தொகைக்கும் பரிசில் என்ற சங்கச் சொல் உண்டு. என் பரிந்துரை: நாட்டுவழிப் பரிசில் வகுப்பு.

ம. எழுதியது:

கு. ஐயா, 'பரிசில் வகுப்பு' என்று எழுதினால் பரிசிலுக்கு டியூஷன் நடக்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மன்னனைப் பாடி வாங்குவது பரிசில். காலிறுதியில் தோற்று விதிப்படி வாங்குகிற காசுக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

'வாரி' உருது என்பதை ஏற்கிறேன். ஆனால் மேல்வாரம், குடிவாரம் என்று விளைச்சலில் பங்குக்கே 'வாரம்' என்ற சொல் நம்மிடம் புழங்கியது. காது கேட்கிறவனுக்கு இரண்டும் ஒட்டி நிற்பதால்தான் 'வாரி' இவ்வளவு இயல்பாகிவிட்டது என்பது என் ஊகம். 'பரிசுவாரம்' என்று புதிதாக ஆக்கலாமா என்றும் யோசித்தேன். வாசகர் ஏழு நாள் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொள்வார்.

யோ. எழுதியது:

வணக்கம். எங்கட இலங்கைப் பாடப்புத்தகங்களில் இதுக்கு எப்பவும் பரம்பல்தான். சனத்தொகைப் பரம்பல், மீடிறன் (அலைவெண்) பரம்பல் எண்டுதான் பிள்ளைகள் படிக்கினம். நோய்க்குப் பரவல், புள்ளிவிபரத்துக்குப் பரம்பல் எண்டு பிரிச்சு வைக்கலாம். கு. ஐயாவின்ர பயமும் தீரும். பங்கீடு எண்டால் எங்களுக்கு கூப்பன் கடை வரிசைதான் ஞாபகம் வரும்.

கு. எழுதியது:

பரம்பல் நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'நாடுவாரி' இலக்கணப்படியே தவறு. நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில் டகரம் இரட்டிக்கும்: நாட்டுப்பற்று, வீட்டுக்கதவு. 'நாட்டுவாரி' என்றாவது எழுதுங்கள்.

ம. எழுதியது:

அது வேற்றுமைப் புணர்ச்சிக்கு உரிய விதி ஐயா. 'வாரி' இங்கே 'தோறும்' போல ஒட்டி வருகிறது. 'வீடுதோறும்' என்றுதானே எழுதுகிறோம்? வீட்டுதோறும் என்று யாரும் எழுதக் கண்டதில்லை.

பகிர்மானத்தையும் யாராவது தூக்கி வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அதை மின்வாரியம் எடுத்துக்கொண்டுவிட்டது. விநியோகம் சினிமாக்காரர்களுக்குப் போய்விட்டது.

செ. எழுதியது:

இழை புணர்ச்சியில் புகுந்துவிட்டது. அரு., தலைப்பை விடப் பெரிய சிக்கல் 'நாடு' என்ற சொல்லில் இருக்கிறது. மூன்று பொருள் வரும்.

ஒன்று, ஆட்டக்காரர் எந்தக் கொடியின் கீழ் பதிவு செய்திருக்கிறார் என்பது. உங்கள் படம் இதைத்தான் காட்டுகிறது. ஆர்துரோ கோயெயோ ஸ்பெயின், அகுஸ்தின் தாப்பியா அர்ஜென்டினா. இருவரும் ஓர் இணை. இந்த இணை வென்றது 40,000 யூரோ என்று வைத்துக்கொண்டால் ஸ்பெயின் நிரலில் 20,000, அர்ஜென்டினா நிரலில் 20,000 ஏற வேண்டும். கலான்–சிங்கோத்தோ, பெண்களில் த்ரியாய்–பிரேயா இணைகளும் இதே கலப்புதான். இணையின் முழுத் தொகையையும் இரண்டு நாட்டிலும் ஏற்றிவிடுவது வழக்கமாக நடக்கிற பிழை. மொத்தம் நூறு விழுக்காட்டைத் தாண்டினால் முதலில் அங்கே பாருங்கள்.

இரண்டு, வரி கட்டும் நாடு. அர்ஜென்டினர் பலர் ஸ்பெயினில் குடியிருந்து ஆடுகிறார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர் ஸ்பெயினில் ஜெயித்தால் 24 விழுக்காடு பிடிப்பார்கள், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குடியிருப்பவருக்கு 19. படம் வரிக்கு முந்தைய தொகை என்றால் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

மூன்று, போட்டி நடந்த நாடு. தோகாவில் கொடுத்த பணத்தில் கத்தார் ஆட்டக்காரர் பங்கு எவ்வளவு என்று கேட்டால் படம் தலைகீழாகும்.

இன்னொன்று. 2013 முதல் 2023 வரை வேர்ல்டு பேடல் டூர் என்ற போட்டித்தொடர் தனியாக ஓடியது. 2024இல்தான் அதுவும் பிரீமியர் பேடலும் ஒரே தொடராயின. 2022, 2023க்கு ஒரு தொடரின் கணக்கை மட்டும் எடுத்தால் எல்லா நாட்டுக்கும் குறைவாக வரும். ஏ1 பேடல் என்ற இன்னொரு தொடரை விட்டால் அர்ஜென்டினா, பிரேசில் பங்கு இன்னும் இளைக்கும். இத்தாலிய வம்சாவளி அர்ஜென்டினர் சிலர் இத்தாலிக்காக ஆடுவதையும் மறக்க வேண்டாம். பிறந்த ஊரைப் பார்த்து நிரல் மாற்றிவிடாதீர்கள்.

ம. எழுதியது:

கிளைக்கதை: 'பேடல்' என்றே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? 1969இல் அகாபுல்கோவில் என்ரிக்கே கோர்குவேரா தொடங்கியது. ஸ்பானியர் வாயில் அது 'பாதெல்' என்றுதான் ஒலிக்கும். 'பெடல்' என்றால் சைக்கிள், ஓர் எழுத்து புரண்டால் 'படேல்'.

கு. எழுதியது:

ஆடுகளம் 20 மீட்டருக்கு 10 மீட்டர், சுற்றிலும் கண்ணாடியும் கம்பிவலையும். கண்ணாடிச்சுவர்ப் பந்து என்றால் என்ன குறைந்துவிடும்?

செ. எழுதியது:

சுவர்ப்பந்து ஸ்குவாஷுக்குப் போய்ப் பல காலம் ஆயிற்று ஐயா. ஸ்குவாஷின் பெரிய போட்டிகளும் இப்போது கண்ணாடிக்குள்தான் நடக்கின்றன. குழப்பம்தான் மிஞ்சும்.

அரு. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான் முடிவு செய்தது:

அத்தியாயத்தின் முதல் அட்டவணை: 'சுற்றுவாரிப் பரிசுத்தொகைப் பங்கீடு'. வரைபடம்: 'பேடல் பரிசுத்தொகையின் நாடுவாரிப் பரவல்'. நூல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு என்பதால் பரவல். யோ. சொன்ன பரம்பலைச் சொல்லடைவில் இணைச்சொல்லாகத் தருகிறேன். அடிக்குறிப்பு: 'ஆட்டக்காரர் பதிவுசெய்த நாட்டின்படி, இணையின் தொகை சமமாகப் பிரிக்கப்பட்டது, வரிக்கு முந்தையது.' விளையாட்டின் பெயர் பேடல்தான்.

யோ. எழுதியது:

எனக்குச் சம்மதம். ஆனால் சொல்லடைவில் அகரவரிசைப்படி பரம்பல்தான் முதலில வரும், பரவல் பிறகுதான். கவனிச்சுக்கொள்ளுங்கோ.

கு. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்பெயினுக்கும் அர்ஜென்டினாவுக்கும் மட்டும் முக்கால்வாசிப் படம் போய்விட்டால், இரண்டே இடத்தில் குவிந்து கிடப்பதைப் பரவல் என்று எந்த வாயால் சொல்வது?

செ. எழுதியது:

குவிந்து கிடந்தாலும் புள்ளியியலில் அது பரவல்தான் ஐயா. அந்தக் குவிவைப் பற்றி வேறு இழையில் பேசலாம்.