பொருள்: வரிப் பிணக்கில் வட்டி ஏறாமலிருக்க வைக்கும் பணம் – சொல் வேண்டும்

நண்பர்களே,

அமெரிக்க வரிச் சட்டத்தின் 6603ஆம் பிரிவு, 2004இல் வந்தது. தணிக்கையில் கூடுதல் வரி விழலாம் என்று தெரிந்தால், முடிவு வருமுன்பே அந்நாட்டு வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் பணத்தை வைத்துவிடலாம். பின்னால் வரி உறுதியானால் வைத்த தேதியிலேயே கட்டியதாகக் கணக்கு. அந்த வரிக்கு அன்றோடு வட்டி நிற்கும். ‘வரி முன்பணம்’ சரிவருமா?

---

> ‘வரி முன்பணம்’ சரிவருமா?

வராது. அட்வான்ஸ் டாக்ஸ் என்றே படிப்பார்கள். அது கட்டிய வரி. இது இன்னும் வரியே ஆகவில்லை. எழுதிக் கேட்டால் திருப்பித் தரவேண்டும், வசூல் கைநழுவும் என்று அஞ்ச இடமிருந்தாலொழிய. ‘காப்புத்தொகை’ சொல்லலாமா?

---

ஐயா, காப்புத்தொகை என்றதும் தேர்தல்தான் நினைவுக்கு வரும். ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் போய்விடும் பணம் அது. இங்கே பறிமுதலே கிடையாது. ‘பிணைத்தொகை’ 2004க்கு முந்தைய ஏற்பாட்டுக்குப் பொருந்தும். அப்போது திரும்பி வரும் பணத்துக்கு வட்டி இல்லை. இப்போது உண்டு.

‘வட்டித்தடை வைப்பு’ என்பது என் பரிந்துரை. சொல்லுக்கான பதிவில் இவற்றையும் சேர்க்கவேண்டும்:

காசோலையோடு கடிதம் கட்டாயம்: இது வைப்பு என்ற அறிவிப்பு, எந்த வரி, எந்த ஆண்டு, பிணக்குறு வரி (பிணக்கில் விழக்கூடிய கூடுதல் வரி) எவ்வளவு, அது எப்படி வந்தது. கடிதம் இல்லாமல் அனுப்பினால் வரி கட்டியதாகவே வரவு வைத்துவிடுவார்கள். வரி நீதிமன்றம் போக நினைப்பவருக்கு அங்கேதான் சிக்கல்: குறைவரி அறிவிக்கை (இவ்வளவு வரி குறைகிறது என்று ஐ.ஆர்.எஸ். முறைப்படி அனுப்பும் கடிதம்) வருமுன் முழுதும் ‘கட்டி’விட்டால் குறைவரியே இல்லை, வழக்குக்கும் இடமில்லை. வைப்பு அந்தக் கதவை மூடாது.

திரும்பும்போது வட்டி பிணக்குறு வரி அளவுக்கு மட்டுமே. 20,000 டாலர் வைத்து, பிணக்குறு வரி 15,000 என்றால், கடைசியில் வரியே இல்லை என்று முடிந்தாலும் 5,000க்கு வட்டி வராது. வட்டி வீதமும் அமெரிக்க அரசின் குறுங்காலக் கடன் வட்டியை ஒட்டிய ‘கூட்டரசுக் குறுங்கால வீதம்’தான். குறைவரிக்கு நாம் தரும் வட்டி அதற்குமேல் 3 சதவீதப் புள்ளி. ஆகவே இதைச் சேமிப்பாக நினைத்துக் கூடுதலாக வைப்பது வீண்.

---

> வட்டித்தடை வைப்பு

ஒரு நெருடல். வரித்தொகையை மட்டும் வைத்தால், அதுவரை சேர்ந்த வட்டியின்மேல் நாள்தோறும் கூட்டுவட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ‘தடை’ என்றால் எல்லாம் நின்றுவிட்டதாகப் படாதா?

---

படும். அந்த வட்டியையும் சேர்த்து வைத்தால்தான் முழுத்தடை. விளக்கத்தில் ஒரு வரி போட்டுவிடலாம், பெயரை நீட்டவேண்டாம்.

எனக்கு வினைச்சொல்தான் கவலை. பேச்சில் ‘டெபாசிட் கட்டினேன்’ என்போம். இங்கே அது வேறுபாட்டையே அழித்துவிடும். பதிவு முழுக்க வைப்புக்கு ‘வைத்தல்’, வரிக்குக் ‘கட்டுதல்’ என்று பிரித்தே எழுதுங்கள். திரும்பப் பெறுவதற்கு ‘எடுத்தல்’. ‘ரீஃபண்டு’ வேண்டாம், அது கட்டிய வரிக்கு உரியது, அதற்கு மனுவும் வழக்கும் தனி வழி.